‘அன்லிமிடெட்’ இணைப்பு இருபத்திரண்டாம் தேதி ஏன் படுத்துவிடுகிறது?

வாசகியின் கடிதம்:

“காரைக்குடியில் இருக்கிறோம். கணவருக்குச் சிங்கப்பூரில் வேலை. வீட்டில் நான், மாமியார், பிளஸ் டூ படிக்கும் மகன். கேபிள்காரர் மூலமாக 100 எம்பிபிஎஸ் ‘அன்லிமிடெட்’ ஃபைபர் இணைப்பு வாங்கி ஒன்றரை வருடம் ஆகிறது. முதல் ஒரு வருடம் எந்தத் தொந்தரவும் இல்லை. ஆறு மாதமாக, மாதம் தவறாமல் இருபத்திரண்டு, இருபத்துமூன்றாம் தேதி வாக்கில் நெட் படுத்துவிடுகிறது. டிவியில் படம் சுற்றிக்கொண்டே நிற்கிறது. மகனின் நீட் வகுப்பு பாதியில் அறுந்துபோகிறது. ஒன்றாம் தேதி பணம் கட்டியதும் தானாகவே சரியாகிவிடும். கேட்டால், ‘ஒரு தெருவே பார்க்கிற அளவுக்கு உங்க வீட்ல பார்க்கிறீங்க அக்கா. 800 ஜிபி முடிஞ்சா 2 எம்பிபிஎஸ்தான் வரும். பெரிய பிளானுக்கு மாறிக்கோங்க’ என்கிறார். 800 ஜிபி என்ற பேச்சையே அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கேட்டேன். எந்த மெசேஜும் வந்ததில்லை. பெரிய பிளானில் ஓடிடி ஆப்கள் இலவசம், ‘அதுல பார்த்தா ஜிபி கணக்குலயே சேராது’ என்றும் சொல்கிறார். தன்னால்தான் பேரன் படிப்பு கெடுகிறது என்று மாமியார் மதியம் சீரியல் பார்ப்பதையே விட்டுவிட்டார். கணவர் தினமும் இரவு ஒரு மணி நேரம் வீடியோ காலில் பேசுவார். போன விடுமுறைக்கு வந்தபோது, அங்கிருந்தே வீட்டைப் பார்த்துக்கொள்ள வாசலிலும் கொல்லையிலும் கேமரா மாட்டிவிட்டுப் போனார். நாங்கள் அளவுக்கு மீறித்தான் பயன்படுத்துகிறோமா? அன்லிமிடெட் என்று சொல்லிவிட்டுக் குறைப்பது சட்டப்படி சரியா? பெரிய பிளானுக்கு மாறத்தான் வேண்டுமா?”

அன்புள்ள சகோதரிக்கு,

இன்று மதியமே உங்கள் மாமியாரை டிவி முன்னால் உட்காரச் சொல்லுங்கள். அவர் பார்க்கும் சீரியலால் உங்கள் மகனின் வகுப்பு அறுந்துபோகவில்லை. இதை என்னால் கணக்கோடு காட்ட முடியும். கடிதத்தின் கடைசியில் போகிறபோக்கில் எழுதிய ஒரு வரியில்தான் விடை இருக்கிறது. அதற்கு வருகிறேன்.

முதலில் இருபத்திரண்டாம் தேதி என்ன நடக்கிறது என்று சொல்லிவிடுகிறேன். உங்கள் வீட்டு இணைப்புக்கு நிறுவனத்தின் சர்வரில் ஒரு கணக்கு ஓடிக்கொண்டிருக்கிறது. நீங்கள் இறக்குவதும் ஏற்றுவதும் அதில் சேர்ந்துகொண்டே போகும். கூட்டுத்தொகை 800 ஜிபியைத் தொட்டதும் வேகம் தானாக 100-லிருந்து 2 எம்பிபிஎஸ் ஆக இறங்கிவிடும். யாரும் உட்கார்ந்து உங்கள் வீட்டைப் பார்த்துக் குறைப்பதில்லை. கேபிள்காரர் கையில் அதற்கான சுவிட்ச்சும் இல்லை, அவர்மீது கோபப்பட்டுப் பயனில்லை. ஒன்றாம் தேதி கணக்கு பூஜ்யத்துக்குத் திரும்புவதால்தான் பணம் கட்டியதும் சரியாகிறது.

2 எம்பிபிஎஸ் என்பது எவ்வளவு? அது விநாடிக்கு 2 மெகாபிட், எட்டு பிட் சேர்ந்தால்தான் ஜிபி கணக்கில் வரும் ஒரு பைட். ஒரு மணி நேர எச்டி படத்துக்குச் சுமார் 3 ஜிபி ஆகும் என்று நெட்ஃபிளிக்ஸ் நிறுவனமே சொல்கிறது. சாதாரணத் தரத்துக்கு 1 ஜிபி, 4கே-வுக்கு 7 ஜிபி. 2 எம்பிபிஎஸ் இணைப்பில் 3 ஜிபி வந்து சேர 3 மணி 20 நிமிடம் பிடிக்கும். ஒரு மணி நேரப் படத்தைப் பார்க்க மூன்றே கால் மணி நேரத்துக்கு மேல். அதனால்தான் திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது.

இனி உங்கள் வீட்டுக் கணக்கு. தாராளமாகவே போடுகிறேன். மாமியார் ஒரு நாளைக்கு நான்கு மணி நேரம் முழு எச்டி தரத்தில் பார்க்கிறார் என்று வைத்துக்கொண்டால் நாளுக்கு 12 ஜிபி, மாதத்துக்கு 360. மகன் மூன்று மணி நேரம் வகுப்பு பார்த்தால், மணிக்கு 0.7 ஜிபி வீதம் மாதத்துக்கு 63. கணவரின் வீடியோ காலுக்கு நாளுக்கு அரை ஜிபி வைத்தால் மாதம் 15. எல்லாம் கூட்டினால் 438 ஜிபி. 800-ல் பாதியை விடக் கொஞ்சம்தான் அதிகம். அந்த முதல் ஒரு வருடம் உங்களுக்கு எந்தத் தொந்தரவும் வராததற்கு இதுதான் காரணம்.

பிறகு கணவர் விடுமுறைக்கு வந்தார், கேமரா மாட்டினார். ஆறு மாதமாகத் தொந்தரவு என்கிறீர்கள். இரண்டு தேதிகளையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

சிங்கப்பூரிலிருந்து பார்க்க வசதியாக இருக்கட்டும் என்று மாட்டும் கேமராக்களில் பல, படத்தை இடைவிடாமல் நிறுவனத்தின் கிளவுடுக்கு ஏற்றிக்கொண்டே இருக்கும்படி அமைத்துவிடுகிறார்கள். ஒரு கேமரா விநாடிக்கு 1 மெகாபிட் அனுப்புகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள், எச்டி கேமராவுக்கு அது சாதாரணம். ஒரு நாளைக்கு 10.8 ஜிபி ஆகும். முப்பது நாளைக்கு 324. இரண்டு கேமராவுக்கு 648 ஜிபி. காலியான வாசலும் கொல்லையும்தான் உங்கள் வீட்டிலேயே அதிகம் ‘பார்க்கப்படும்’ படம். 438-உம் 648-உம் சேர்ந்தால் 1,086. நாளுக்கு 36 ஜிபிக்குச் சற்று மேல். 800-ஐ அதால் வகுத்துப் பாருங்கள், சரியாக இருபத்திரண்டு நாள் வரும்.

உங்கள் கேமரா நான் வைத்த அளவைவிடக் கூடவோ குறையவோ அனுப்பலாம். ஆனால் தேதி இவ்வளவு பொருந்தி வரும்போது சந்தேகத்துக்கு அதிகம் இடமில்லை.

இன்னொரு கொடுமையும் இதில் இருக்கிறது. வேகம் 2 எம்பிபிஎஸ் ஆகக் குறைந்தபின், உங்கள் மகனின் வகுப்பு சாதாரணத் தரத்திலாவது ஓடியிருக்க வேண்டும், அதற்கு 1 எம்பிபிஎஸ் சொச்சம் போதும். ஓடாததற்குக் காரணம், பெரும்பாலான திட்டங்களில் ஏற்றும் வேகமும் சேர்ந்தே குறைகிறது. இரண்டு கேமராவும் அந்த ஏற்றும் பாதை முழுவதையும் அடைத்துக்கொள்கின்றன. இணையத்தில் ஒரு துண்டு தகவல் வந்து சேர்ந்தால், ‘வந்துவிட்டது, அடுத்ததை அனுப்பு’ என்று நம் பக்கத்திலிருந்து பதில் போக வேண்டும். அந்தப் பதில் போகப் பாதை இல்லாவிட்டால் இறக்கமும் நின்றுவிடும். பையன் தவித்ததற்கு இதுதான் காரணமாக இருக்கும்.

இதற்கு மருந்து எளிது. கேமரா ஆப்பைத் திறந்து, தொடர் பதிவு என்பதை எடுத்துவிட்டு, அசைவு தெரிந்தால் மட்டும் பதிவு என்று மாற்றுங்கள். கணவரே அங்கிருந்து செய்துவிடலாம். கேமராவுக்குள் ஒரு மெமரி கார்டு போடுங்கள். மேலே சொன்ன கணக்கில் 128 ஜிபி கார்டு பத்துப் பதினொரு நாள் பதிவைத் தாங்கும், பிறகு பழையதை அழித்துக்கொண்டு புதியதை எழுதும். கார்டில் பதிவாகும்போது இணைய அளவு செலவாவதில்லை. கணவர் ஆப்பைத் திறந்து பார்க்கும் நேரத்துக்கு மட்டும்தான் ஆகும். கேமரா திருடு போனால் கார்டும் போய்விடும் என்ற அச்சம் இருக்குமானால் வாசல் கேமராவை மட்டும் கிளவுடில் விட்டுவையுங்கள். அப்போதுகூடச் சுமார் 760 ஜிபியில் மாதம் முடிந்துவிடும்.

உங்கள் மூன்றாவது கேள்விக்கு இதிலேயே பதில் வந்துவிட்டது. இந்தக் காரணத்துக்காகப் பெரிய பிளானுக்கு மாற வேண்டாம்.

ஆனால் உங்கள் முதல் கேள்வியை அப்படியே விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை. ‘அளவுக்கு மீறிப் பயன்படுத்துகிறோமா’ என்று ஒரு குடும்பம் குற்ற உணர்ச்சியோடு கேட்கிறது. ஒரு மூதாட்டி தன் பொழுதுபோக்கை விட்டுவிட்டார். இருபது வருடமாக இந்தத் தொழிலில் இருப்பவன் நான். அந்த அளவு என்பது எங்கிருந்து வருகிறது என்று உங்களுக்குச் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

2005 ஜனவரியில் பிஎஸ்என்எல் டேட்டாஒன் வந்தது. அப்போது 256 கேபிபிஎஸ், அதாவது 1 எம்பிபிஎஸ்ஸில் கால் பங்கு வேகம் இருந்தாலே அரசின் இலக்கணப்படி அது பிராட்பேண்ட். மாதத்துக்கு இத்தனை என்று சிறிய அளவு. அதைத் தாண்டினால் எம்பிக்கு இவ்வளவு என்று பில் ஏறும். சில திட்டங்களில் ஒரு சலுகை இருந்தது: நள்ளிரவு 2 மணியிலிருந்து காலை 8 மணி வரை எவ்வளவு இறக்கினாலும் கணக்கில் சேராது. அலாரம் வைத்து எழுந்து டவுன்லோட் போட்டுவிட்டு மறுபடி படுத்தவர்கள் அந்தத் தலைமுறையில் ஏராளம். நானும் எழுந்திருக்கிறேன். அந்த 2 மணி விதியை நான் இன்றைக்கும் மதிக்கிறேன். நெரிசல் எந்த நேரத்தில் வருகிறது என்று அதற்குத் தெரிந்திருந்தது. ஊர் தூங்கும்போது குழாய் காலியாகக் கிடக்கிறது, எடுத்துக்கொள் என்று சொன்னது.

மாத அளவு என்ற விதிக்கு மணி பார்க்கத் தெரியாது. இரவு 9 மணிக்கு, எல்லா வீட்டிலும் டிவி ஓடும்போது நீங்கள் எடுக்கும் 1 ஜிபியும், விடியற்காலை 3 மணிக்கு உங்கள் கொல்லைக் கேமரா ஏற்றும் 1 ஜிபியும் அதற்கு ஒன்றுதான். முதலாவது உண்மையிலேயே மற்றவர்களுக்கு இடைஞ்சல் தரலாம். இரண்டாவதால் யாருக்கும் எந்தக் கேடும் இல்லை. ‘நீங்க நிறையப் பார்க்கிறதால மத்தவங்களுக்கு நெட் போகுது’ என்று யாராவது சொன்னால், எத்தனை மணிக்கு என்று திருப்பிக் கேளுங்கள்.

குழாயின் கொள்ளளவையும் சொல்கிறேன். உங்கள் தெருவுக்கு வரும் ‘ஜிபான்’ (ஒரே ஃபைபரைப் பல வீடுகளுக்குப் பிரித்துத் தரும் முறை) ஃபைபர் ஒன்றில் சுமார் 2.5 ஜிகாபிட் வேகம் இறங்கி வரும். அதை வழக்கமாக 32 அல்லது 64 வீடுகளுக்குப் பிரிக்கிறார்கள். 64 வீடுகளிலும் ஒரே நேரத்தில் ஒரு டிவியில் எச்டி படம் ஓடினால் மொத்தம் 430 மெகாபிட்தான் ஆகும். ஃபைபரில் ஐந்தில் ஒரு பங்குகூட நிரம்பாது. பிறகு எங்கே அடைக்கிறது? தெருவுக்குப் பின்னால், உள்ளூர் நிறுவனம் மேலிடத்திலிருந்து, அதாவது பெரிய இணைய நிறுவனங்களிடமிருந்து, விலைக்கு வாங்கும் இணைப்பில். நூறு நூறு எம்பிபிஎஸ் என்று ஆயிரம் வீட்டுக்கு விற்றுவிட்டு மேலே போதுமான அளவு வாங்கி வைக்காவிட்டால் இரவு 9 மணிக்கு எல்லாருக்கும் சேர்த்து மூச்சு முட்டும். அதைச் சரிசெய்ய ஒரே வழி அதிகம் வாங்குவது. உங்கள் மாமியார் மதியம் சீரியலை நிறுத்துவதால் அது சரியாகாது.

வீடியோ பெருகிவிட்டது, தாங்க முடியவில்லை என்ற வாதத்திலும் பாதிதான் உண்மை. பெரிய வீடியோ நிறுவனங்கள் தங்கள் படங்களை ஒவ்வொரு தடவையும் கடல்கடந்து அனுப்புவதில்லை. நெட்ஃபிளிக்ஸ் 2012-லேயே தன் படங்களைச் சேமித்து வைத்திருக்கும் பெட்டிகளை இணைய நிறுவனங்களின் இடத்திலேயே வைக்கும் ஏற்பாட்டை அறிவித்தது. போதுமான வாடிக்கையாளர் உள்ள நிறுவனத்துக்கு அந்தப் பெட்டியை இலவசமாகவே கொடுக்கிறது. யூடியூபுக்காகக் கூகுளும் இதேபோல் செய்கிறது. இருபது பேர் பார்க்கும் ஒரு படம் பக்கத்து ஊரிலிருந்தே வருகிறது. சிறிய உள்ளூர் நிறுவனங்களுக்கு இந்த வசதி நேரடியாகக் கிடைக்காமல் போகலாம், அவர்கள் சிரமத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை.

என் சொந்த அனுபவம் ஒன்று. பல வருடங்களுக்கு முன் நான் வேலை பார்த்த ஒரு நிறுவனத்தில் புதிய திட்டங்களுக்கு மாத அளவு முடிவுசெய்யும் கூட்டத்துக்கு என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். எந்த மணிக்கு எந்த ஏரியாவில் நெரிசல் என்ற வரைபடங்களை எடுத்துக்கொண்டு போனேன். யாரும் அதைக் கேட்கவில்லை. கீழ்த் திட்டத்தின் அளவை எங்கே வைத்தால், வீட்டில் இரண்டு பிள்ளைகள் உள்ள குடும்பம் மூன்றே மாதத்தில் மேல் திட்டத்துக்கு மாறும் என்பதுதான் பேச்சு. அரை மணி நேரத்தில் எண் முடிவாகிவிட்டது. அன்று நான் எதிர்த்துப் பேசியிருக்க வேண்டும். பேசவில்லை. உங்கள் கடிதத்தைப் படித்ததும் அந்த அறைதான் நினைவுக்கு வந்தது.

இதைத் தொழிலில் இருப்பவர்களே வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார்கள். அமெரிக்கக் கேபிள் நிறுவனங்களின் சங்கத் தலைவராக இருந்த மைக்கேல் பவல், 2013 ஜனவரியில், மாத அளவின் நோக்கம் நெரிசலைக் குறைப்பது என்பது தவறான புரிதல், போட்ட பெரிய முதலீட்டை யாரிடமிருந்து எப்படித் திரும்பப் பெறுவது என்பதுதான் விஷயம் என்ற பொருளில் பேசினார். அவர் அதற்கு முன் அந்நாட்டின் தொலைத்தொடர்பு ஆணையமான எஃப்சிசி-யின் தலைவராகவும் இருந்தவர்.

அமெரிக்கக் கதையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் கேபிள்காரர் உங்களிடம் சொன்ன ‘கணக்குலயே சேராது’ என்ற வார்த்தையின் வேர் அங்கே இருக்கிறது. காம்காஸ்ட் அன்றைக்கு அந்நாட்டின் மிகப் பெரிய கேபிள் டிவி நிறுவனம், இணைய இணைப்பும் விற்கிறது. நெட்ஃபிளிக்ஸ் 2007-ல் இணையம் வழியாகப் படம் காட்டத் தொடங்கியது. அதே வருடம் அக்டோபரில் அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனம் ஒரு சோதனை செய்தது. பயனாளிகள் தங்களுக்குள் கோப்புகளைப் பகிர்ந்துகொள்ளும் பிட்டோரண்ட் வழியாகப் பைபிளின் மின்பிரதி ஒன்றை அனுப்பிப் பார்த்தார்கள். காம்காஸ்ட் குறுக்கே புகுந்து இணைப்பை அறுப்பது தெரியவந்தது. 2008 ஆகஸ்டில் எஃப்சிசி இது தவறு என்று உத்தரவிட்டது. குறிப்பிட்ட ஒன்றை மட்டும் தடுக்காதே என்று சொன்னதும், அதே ஆண்டு அக்டோபர் 1 முதல் எல்லா வீட்டுக்கும் மாதம் 250 ஜிபி என்று வரம்பு வந்தது. எஃப்சிசி-யின் அந்த உத்தரவையும் 2010-ல் நீதிமன்றம் ரத்து செய்துவிட்டது.

2012-ல் அடுத்த கட்டம். காம்காஸ்ட்டின் சொந்த டிவி சேவையை எக்ஸ்பாக்ஸ் என்ற வீடியோ கேம் பெட்டி வழியாகப் பார்த்தால் அந்த 250 ஜிபியில் சேராது, நெட்ஃபிளிக்ஸில் பார்த்தால் சேரும். ஒரே சோபா, ஒரே டிவி, ஒரே கம்பி. நெட்ஃபிளிக்ஸின் அப்போதைய தலைவர் ரீட் ஹேஸ்டிங்ஸ் அந்த ஏப்ரலில் இதைப் பகிரங்கமாகக் கண்டித்தார். இணைப்பை விற்பவரே படத்தையும் விற்கும்போது, அளவு என்பது போட்டியாளரின் கடைக்கு முன்னால் மட்டும் போடும் வேகத்தடையாகிவிடுகிறது. அடுத்த மாதமே காம்காஸ்ட் 250 ஜிபி வரம்பை நிறுத்திவைத்து, 300-லிருந்து சோதித்துப் பார்க்கத் தொடங்கியது.

2020 மார்ச்சில் கொரோனா வந்து உலகமே வீட்டுக்குள் உட்கார்ந்து படம் பார்த்தபோது, அதே காம்காஸ்ட் மாத வரம்பை ஜூன் மாதம் வரை எடுத்துவிட்டது. வலைப்பின்னல் விழவில்லை. உண்மையான நெரிசல் பயம் வந்த இடங்களில் அவர்கள் என்ன செய்தார்கள் என்றும் பாருங்கள். ஐரோப்பாவில் நெட்ஃபிளிக்ஸ் தன் படத்தின் தகவல் வேகத்தை 25 சதவீதம் குறைத்தது. இந்தியாவில் ஓடிடி நிறுவனங்கள் கைபேசி இணைப்புக்கு 480பி என்ற சாதாரணத் தரத்துக்கு மேல் தருவதில்லை என்று சில வாரம் முடிவெடுத்தன. நிரம்பி வழியும் நேரத்தில் விநாடிக்கு எவ்வளவு போகிறது என்பதைக் குறைத்தார்கள். மாத மொத்தத்தைப் பற்றி யாரும் பேசவில்லை.

நம் நாட்டுக்கு வருகிறேன். 2016 பிப்ரவரி 8 அன்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் ஒரு விதி வெளியிட்டது. எந்த ஆப், எந்தத் தளம் என்பதை வைத்து டேட்டாவுக்கு வேறு வேறு விலை வைக்கக் கூடாது. சில தளங்களை மட்டும் இலவசமாகக் காட்டிய ஃபேஸ்புக்கின் ஃப்ரீ பேசிக்ஸ் இந்தியாவில் நின்றுபோனது இந்த விதியால்தான். அன்றைக்கு லட்சக்கணக்கானோர் டிராய்க்கு மின்னஞ்சல் எழுதி வாங்கிய பாதுகாப்பு அது. எனவே ஓடிடி ஆப்களின் சந்தாவை நிறுவனம் கட்டி உங்களுக்கு இலவசமாகத் தரலாம், தவறில்லை. ஆனால் பொது இணையம் வழியாக வரும் அந்த ஆப்களின் டேட்டாவை மட்டும் கணக்கில் சேர்க்காமல் விட முடியாது. விட்டால் விதிமீறல். நிறுவனம் பொது இணையத்துக்குப் போகாமல் தன் சொந்த மூடிய வலைப்பின்னலுக்குள் தரும் ஐபிடிவி (இணையக் கம்பி வழியாக வரும் டிவி) போன்ற சேவைக்கு மட்டும் விலக்கு உண்டு. என் ஊகம், கேபிள்காரர் இரண்டையும் குழப்பிக்கொண்டு நம்பிக்கையோடுதான் சொல்கிறார். பணம் கட்டுவதற்கு முன் இதை நிறுவனத்திடம் எழுத்தில் கேளுங்கள். எழுதித் தர மாட்டார்கள்.

அடுத்து, குறைப்பது சரியா என்ற கேள்வி. மாத அளவு வைப்பதும், அது முடிந்தபின் வேகத்தைக் குறைப்பதும் இந்தியச் சட்டப்படி குற்றமல்ல. எனக்குப் பிடிக்காது, ஆனாலும் அதுதான் நிலைமை. ஒரு இணைப்பை வாங்கிப் பத்து வீட்டுக்கு மறுவிற்பனை செய்பவர்களும் இருக்கிறார்கள், ஏதோ ஒரு வரம்பு தேவைதான் என்று ஒப்புக்கொள்கிறேன். தவறு நடப்பது சொல்லாமல் குறைப்பதில். 2016 அக்டோபர் 31 அன்று டிராய் எல்லா நிறுவனங்களுக்கும் போட்ட உத்தரவு இது: எத்தனை ஜிபி வரை என்ன வேகம், அதற்குமேல் என்ன வேகம் என்பதை விளம்பரத்திலும் இணையதளத்திலும் தெளிவாகச் சொல்ல வேண்டும். அளவில் 50 சதவீதம், 90 சதவீதம், 100 சதவீதம் ஆகும்போது ஒவ்வொரு முறையும் வாடிக்கையாளருக்குத் தகவல் அனுப்ப வேண்டும். குறைத்த பிறகும் வேகம் 512 கேபிபிஎஸ்ஸுக்குக் கீழே போகக் கூடாது. அன்று பிராட்பேண்ட் என்பதற்கு அரசு வைத்திருந்த குறைந்தபட்ச வேகம் அதுதான். 2023 ஜனவரியில் அந்த இலக்கணம் 2 எம்பிபிஎஸ் ஆக உயர்ந்தது. உங்கள் திட்டத்தில் 2 என்று நிற்பது தற்செயல் இல்லை.

அப்படியானால் மாதத்துக்கு மூன்று மெசேஜ் உங்களுக்கு வந்திருக்க வேண்டும். ஆறு மாதத்துக்குப் பதினெட்டு. எங்கே போயின? பல ஊர்களில் நான் கண்டது ஒன்றைச் சொல்கிறேன். இணைப்பு போடும் அவசரத்தில் கேபிள்காரர் படிவத்தில் தன் நம்பரையே போட்டுவிடுவார். ஓடிபி வரும், அவரே முடித்துக்கொள்ளலாம், வீட்டுக்காரர்களைத் தொந்தரவு செய்ய வேண்டாம் என்ற நல்லெண்ணம்தான். பிறகு நிறுவனம் அனுப்பும் எல்லாத் தகவலும் அவர் போனுக்குப் போகும். நூறு வீட்டு மெசேஜில் உங்களுடையது எங்கோ கிடக்கும். நாளைக்கே அவரிடம், “தம்பி, எங்க கனெக்‌ஷன்ல யாரு நம்பர் இருக்கு?” என்று கேளுங்கள். உங்கள் நம்பருக்கு மாற்றச் சொல்லுங்கள். நிறுவனத்தின் ஆப்புக்கோ இணையதளத்துக்கோ போகும் யூசர் நேமும் பாஸ்வேர்டும் உங்களிடம் இருக்க வேண்டும். அதில் தினசரி எத்தனை ஜிபி ஏறியது, எத்தனை இறங்கியது என்று தனித்தனியாகத் தெரியும். ஏறிய கணக்கு பெரிதாக இருந்தால் நான் சொன்ன கேமராக் கதை உறுதியாகிவிடும். கேமராவை மாற்றிய மறுநாளே எண் சரிவதையும் நீங்களே பார்ப்பீர்கள்.

உங்கள் நம்பர்தான் இருக்கிறது, ஆனாலும் மெசேஜ் வரவில்லை என்றால் தவறு நிறுவனத்துடையது. கேபிள்காரரிடம் வாய்ச்சொல்லாகச் சொல்லாமல் நிறுவனத்தின் புகார் மையத்தில் பதிவுசெய்து டாக்கெட் நம்பர் (புகார் எண்) வாங்குங்கள். வாங்கும்போதே ‘அன்லிமிடெட்’ என்று அச்சிட்ட நோட்டீஸ், வாட்ஸ்அப் விளம்பரம் ஏதாவது இருந்தால் எடுத்து வையுங்கள். பதில் திருப்தியில்லை என்றால் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரிக்கு எழுதலாம், கட்டணம் கிடையாது, 39 நாளுக்குள் அவர் முடிவு சொல்ல வேண்டும். டிராய் தனிநபர் புகாரை நேரடியாக எடுத்துத் தீர்த்துவைக்காது, அதற்கு எழுதிக் காத்திருக்காதீர்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் பேசலாம். நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம். தொலைத்தொடர்புப் புகார்களை நுகர்வோர் ஆணையம் விசாரிக்கலாம் என்று உச்ச நீதிமன்றமே 2022 பிப்ரவரியில் தெளிவாகச் சொல்லிவிட்டது. 5 லட்சம் ரூபாய் வரையான விவகாரத்துக்கு வழக்குக் கட்டணமும் இல்லை. உங்கள் விஷயம் அவ்வளவு தூரம் போகும் என்று எனக்குத் தோன்றவில்லை. ஆனால் உரிமை இருப்பது தெரிந்திருக்க வேண்டும்.

எப்போதாவது திட்டத்தை மாற்ற நேர்ந்தால், வேக எண்ணைப் பார்ப்பதற்கு முன் இந்த அளவு எண்ணைக் கேளுங்கள். பெரிய நிறுவனங்கள் சில 2020-க்குப் பிறகு ‘அன்லிமிடெட்’ என்று விற்கும் திட்டங்களில் மாதம் 3,300 ஜிபி என்று வைத்திருக்கின்றன. அதுவும் வரம்புதான், ஆனால் குடும்பங்களைத் தொடாத வரம்பு. எச்டி-யில் 1,100 மணி நேரம் வரும், மாதத்துக்கே 720 மணி நேரம்தான் இருக்கிறது. 800 ஜிபிக்கும் 3,300 ஜிபிக்கும் ஒரே ‘அன்லிமிடெட்’ என்ற சொல்லைப் போட்டு விற்கலாம் என்ற நிலைமைதான் மாற வேண்டும். என் கோபமெல்லாம் அந்தச் சொல்லின் மேல்தான். 800 என்று எழுதி விற்றிருந்தால் உங்கள் வீட்டில் இந்த ஆறு மாதக் குழப்பம் வந்திருக்காது.

கடைசியாக ஒரு சோதனை. அடுத்த மாதம் ஐந்தாம் தேதி வாக்கில், அளவு நிறைய மீதம் இருக்கும்போது, காலை 6 மணிக்கும் இரவு 9 மணிக்கும் வேகத்தை அளந்து பாருங்கள். வைஃபையில் அளக்காதீர்கள். உங்கள் ஊர்ப் பழைய வீட்டுச் சுவர்களின் கனம் எனக்குத் தெரியும், முகப்பில் இருக்கும் ரூட்டரின் அலை இரண்டாம் கட்டுக்குப் போவதற்குள் பாதி செத்துவிடும். மகனின் லேப்டாப்பை லேன் கேபிளால் ரூட்டரில் நேரடியாகச் செருகி அளக்கச் சொல்லுங்கள். இரண்டு நேரமும் 90-க்கு மேல் வந்தால் உங்கள் நிறுவனம் மேலே போதுமான அளவு வாங்கி வைத்திருக்கிறது, கேமராவைச் சரிசெய்துவிட்டு நிம்மதியாக இருங்கள். காலையில் 90-உம் இரவில் 15, 20-உம் வந்தால் அது வேறு நோய். அதற்கு அவர்களிடம் எவ்வளவு பெரிய பிளான் வாங்கினாலும் தீராது, நிறுவனத்தைத்தான் மாற்ற வேண்டும். மூன்று நாள் எண்களைத் தேதியோடும் மணியோடும் ஒரு தாளில் குறித்து எனக்கு அனுப்புங்கள், பார்த்துவிட்டு எழுதுகிறேன்.